மாரி விட்ட பிறகு தேன் பெட்டியை எப்போது திறப்பது, எதைப் பார்ப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோப்பாயில் வீட்டு வளவில் இரண்டு தேன் பெட்டிகள், புரட்டாதியில் வாங்கியவை. மழை தொடங்கியதில் இருந்து நீங்கள் திறக்கவில்லை. ஒன்றில் தேனீக்கள் போய் வருகின்றன, மற்றதில் சத்தத்தைக் காணோம். ரொறன்ரோவில் பெட்டி வைத்திருக்கும் உங்கள் மாமா, வெப்பம் 15 பாகையைத் தாண்டும் வரை திறக்க வேண்டாம், திறந்தால் முழுதாகத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்கிறார். எங்களுக்கு மார்கழிக் குளிரிலேயே அதற்கு மேல்தான். அப்படியென்றால் எப்போது திறப்பது, திறந்து எதைப் பார்ப்பது, பொங்கலுக்கு ஒரு போத்தல் தேன் எடுக்கலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுக்க வேண்டாம். இப்போது உள்ளே இருப்பது அந்தக் கூட்டம் மாசி வரைக்கும் உயிரோடு இருக்க வைத்திருக்கும் சாப்பாடு. அதிலும் மழைக்காலத்தில் தேனீ மெழுகால் மூடாமல் கிடக்கும் தேனில் ஈரம் கூட. போத்தலில் அடைத்தால் ஒரு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். பங்குனி, சித்திரை வரட்டும்.

மாமா சொல்வது அவருடைய தேனீக்குச் சரி. அங்கே வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. பனிக்காலம் முழுக்க அது வெளியே வராமல் பந்து போலத் திரண்டு, உடம்பை அதிர வைத்துச் சூடு உண்டாக்கி, கோடையில் சேர்த்த தேனைத் தின்று காலம் கழிக்கும். 10 பாகைக்குக் கீழே அது பறக்காது. அந்தக் குளிரில் மூடியைத் தூக்கினால் பந்து கலைந்து, புழுக்கள் விறைத்துச் சாகும். எங்களிடம் இருப்பது நாட்டுத் தேனீ, அப்பிஸ் செரானா என்கிற இனம். இதற்கு யாழ்ப்பாணத்தில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் தேனீயின் கெட்ட காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வருட மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. நாலைந்து நாள் தொடர்ந்து பெய்தால் ஒரு தேனீயும் வெளியே போக முடியாது, போனாலும் பூவில் தேன் இருக்காது, மகரந்தம் கழுவுப்பட்டுப் போயிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கனடாவும் கோப்பாயும் ஒன்றுதான். கூட்டம் அழிவது கெட்ட காலத்தின் நடுவில் இல்லை, அது முடிகிற இடத்தில். அங்கே பனி உருகும் நேரம், இங்கே தை மாதம். இதை நீங்கள் மனதில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஏன் அப்படி? எங்கள் வேலைக்காரத் தேனீ ஒன்றரை மாதம் உயிரோடு இருந்தாலே பெரிய விஷயம். மழைக்காலத்தில் ராணி முட்டை இடுவதைக் குறைத்துவிடும். செத்தவற்றின் இடத்துக்குப் புதியவை வருவது குறைவு. ஆக, மார்கழிக் கடைசியில் பெட்டிக்குள் இருப்பது சின்ன, வயது போன ஒரு கூட்டம். அப்போது வெயில் வருகிறது. முருங்கை பூக்கிறது, வேலியில் சீமைக்கிளுவை இலையை உதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது, மூக்குத்திப்பூண்டு வெறும் காணி எல்லாம் விரிகிறது. கொஞ்சம் மகரந்தம் உள்ளே வந்ததும் ராணி மளமளவென்று முட்டை இடத் தொடங்குகிறது. முட்டை புழுவாகிறது, புழு தின்கிறது. இவ்வளவு வாய்க்கும் போதிய தேன் இன்னும் பூவில் வரவில்லை. இருந்த சேமிப்பும் மழையில் முடிந்துவிட்டது. இந்த இரண்டு மூன்று கிழமை இடைவெளியில்தான் கூட்டம் கவிழும்.

ஐரோப்பியத் தேனீயாக இருந்தால் அந்தப் பசியில் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கும். நாட்டுத் தேனீ அப்படிச் சாகக் காத்திருக்காது, பெட்டியை விட்டு ஓடிவிடும். எனக்கு 2020இல் நடந்தது அதுதான். மார்கழித் தொடக்கத்தில் புரவிப் புயல் வந்து மழை கொட்டித் தள்ளியது. இருந்த நாலு பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டி, மேலே தகரம் வைத்துக் காப்பாற்றினேன். மழை விட்டது. நாலிலும் தேனீ ஓடித் திரிந்தது. பிழைத்துவிட்டன என்று நிம்மதியாக விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. உள்ளே செத்த தேனீ ஒன்றுகூட இல்லை. ஐந்து வதையும், அதாவது மெழுகு அடையும், துடைத்துவிட்டது போல, ஒரு சொட்டுத் தேன் இல்லாமல், ஒரு முட்டை இல்லாமல் தொங்கின. புயலில் இருந்து காப்பாற்றிய கூட்டத்தை ஒரு கிலோ சீனி வைக்காமல் இழந்தேன். அன்றைக்குப் பிறகு தை மாதத்துப் பார்வையை நான் தவறவிட்டது கிடையாது.

சரி, எப்போது திறப்பது? திகதி பார்க்காதீர்கள், அறிகுறி பாருங்கள். மூன்று நாளாவது தொடர்ந்து வெயில் அடித்திருக்க வேண்டும். வாசலில் இறங்கும் தேனீக்களின் காலில் மகரந்த உருண்டை தெரிய வேண்டும். எங்கள் பக்கம் இது பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வரும், சில வருடம் ஒரு கிழமை முந்தும் அல்லது பிந்தும். நேரம் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். அதற்கு முன் வேண்டாம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்கிற மாதம் இது, விடியக் காலையில் பெட்டி மூடியில் இருந்தே தண்ணீர் சொட்டும். வாடைக்காற்று உரக்க வீசும் நாளிலும் வேண்டாம். பின்னேரமும் நல்லதில்லை. கலைந்த கூட்டம் இருட்டுவதற்குள் அடங்க நேரம் வேண்டும்.

திறப்பதற்கு முன் வெளியில் இருந்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுப் பத்து நிமிஷம் இருங்கள். வருகிறவற்றில் எத்தனை மகரந்தம் கொண்டு வருகின்றன என்று எண்ணுங்கள். மகரந்தம் புழுவுக்கான சாப்பாடு. அது தாராளமாகப் போகிறதென்றால் உள்ளே புழு இருக்கிறது, ராணியும் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். தேனீக்கள் வாசலில் நோக்கமில்லாமல் அலைந்துகொண்டு, காலில் ஒன்றும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தால் சந்தேகப்படுங்கள். அது வேறு கூட்டத்துத் தேனீ மீதியைக் களவெடுக்க வருவதாகவும் இருக்கலாம். வாசலில் சண்டை, உருண்டு பிரளுவது தெரிந்தால் அதேதான்.

அப்புறம் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். புரட்டாதியில் வாங்கியபோது இருந்த பாரம் கைக்கு ஞாபகம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இனிமேல் மாதம் ஒருமுறை இப்படித் தூக்கிப் பழகுங்கள், கை தானாகத் தராசாகும். வெறும் பலகைப் பாரம் மட்டும் தெரிந்தால், திறந்து பார்ப்பதற்கு முன்பே சீனி கரைக்க அடுப்பில் தண்ணீர் வைக்கலாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. காதைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, விரல் மொளியால் ஒருமுறை தட்டுங்கள். நாட்டுத் தேனீ எல்லாம் சேர்ந்து "உஸ்ஸ்" என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் போடும். வதையின் மேல் ஒரு அலை ஓடி அடங்குவது போல இருக்கும். சத்தம் சட்டென்று எழும்பி சட்டென்று நின்றால் கூட்டம் ஒழுங்காக இருக்கிறது. நிற்காமல் இழுத்து இழுத்து முனகினால் ராணி இல்லாமல் இருக்கலாம். பதிலே வராவிட்டால் ஆட்கள் மெத்தக் குறைவு, அல்லது ஒருவரும் இல்லை.

திறக்கும்போது புகை கொஞ்சம் போதும். காய்ந்த பொச்சுமட்டையைப் புகைய விட்டு வாசலில் இரண்டு ஊது, மூடியைத் தூக்கியதும் மேலே ஒரு ஊது. வீடியோக்களில் ஊதுவது போல ஊதினால் நாட்டுத் தேனீ பயந்து, வதை தொங்கும் மரச்சட்டங்களை விட்டு ஒரு மூலைக்கு ஓடிக் குவியும். பிறகு ராணியையும் காணமாட்டீர்கள், வதையையும் வாசிக்கமாட்டீர்கள். சட்டங்களை நெம்பிப் பிரிக்க மாமாவிடம் இரும்புக் கம்பி இருக்கும், ஏனென்றால் அவருடைய தேனீ மரப்பிசினைக் கொண்டு வந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடும். எங்களுடையது பிசின் சேர்ப்பதில்லை. ஒரு சமையல் கத்தி காணும். இதில் ஒரு பாதகமும் உண்டு. இடுக்குகளை அது அடைக்காததால் மழைத்தண்ணீரும் அந்துப்பூச்சியும் சுலபமாக உள்ளே போகும். அடைக்கிற வேலை உங்களுடையது.

சட்டத்தைத் தொடுவதற்கு முன் அடிப்பலகையைப் பாருங்கள். கழற்றக்கூடிய பலகை என்றால் வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள். மழைக்காலத்தில் உள்ளே நடந்த கதை முழுவதும் அதில் இருக்கும். மரத்தூள் மாதிரி மெழுகுத் துகள் கிடந்தால் பயப்பட வேண்டாம். நாட்டுத் தேனீ பழைய கறுப்பு வதையைத் தானே கடித்துக் கீழே போடும் பழக்கம் உள்ளது. அதே துகளுக்குள் கடுகில் பாதி அளவில் கறுப்பு உருண்டைகளும், நூல் நூலாகச் சிலந்தி வலை போன்ற ஒன்றும் சேர்ந்து இருந்தால் அது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. ஈரத்தில் ஊறிய செத்த தேனீக்கள் கிடந்தால் கூட்டத்துக்கு அவற்றை இழுத்து வெளியே போடவும் ஆட்பலம் இல்லை என்று அர்த்தம். பலகை ஈரமாக, பூஞ்சணம் பிடித்து இருந்தால் கூரை ஒழுகுகிறது, அல்லது பெட்டி பின்பக்கம் சரிந்து நிற்கிறது. வாசல் பக்கம் ஒரு விரல் பதிவாக இருக்கும்படி நிறுத்துங்கள், தண்ணீர் தானாக வெளியே ஓடும். பலகையைச் சுரண்டிக் காயவைத்துப் போடுவதுதான் தை மாதத்தில் செய்ய வேண்டிய துப்புரவு. மாமா சொல்கிற முழுத் துப்புரவை இப்போது செய்தால், பாதிக் கூட்டம் அடுத்த நாள் மாமரத்துக் கொப்பில் தொங்கும்.

இனிச் சட்டங்கள். ஓரத்துச் சட்டத்தில் இருந்து தொடங்குங்கள். நடுவில் இருந்து இழுத்தால் ராணியை நசுக்கிவிடும் ஆபத்து உண்டு. சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, வெளிச்சம் வதைக் கண்ணின் (வதையில் உள்ள சின்னக் குழியின்) அடி வரை விழ, சட்டத்தைக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். நீங்கள் தேடுவது முட்டை. வெள்ளை நூலைக் கத்தரித்துப் போட்டது போல ஒரு சிறு துண்டு, ஒவ்வொரு கண்ணின் அடியிலும் ஒன்றே ஒன்று. முதல் நாள் அது நட்டுவைத்த மாதிரி நேராக நிற்கும், இரண்டாம் நாள் சரியும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நேராக நிற்கும் முட்டையைக் கண்டால் நேற்றோ இன்றோ ராணி அந்த இடத்தில் இருந்தது என்று முடிவு. ராணியைத் தேடி ஒவ்வொரு சட்டமாகத் துழாவத் தேவையே இல்லை. எனக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு சின்ன ரோச் லைற் ஒன்றையும் கண்ணாடியையும் கொண்டு போகிறேன். இளம் கண்ணுக்கு வெயில் காணும்.

முட்டை இருந்தால் அடுத்தது அது எப்படிப் பரவியிருக்கிறது என்பது. நடுவதைகளில் முட்டை, புழு, மெழுகால் மூடிய குஞ்சு மூன்றும் வட்டம் வட்டமாக அடுத்தடுத்து இருந்தால் சந்தோஷப்படுங்கள். முட்டை மூன்று நாள், புழு ஐந்து நாள் மட்டில், மூடிய பிறகு பதினொரு நாள் மட்டில். ஆக, பொங்கலுக்கு இட்ட முட்டை தை மாதக் கடைசியில் வெளியே வரும். வந்ததும் இரண்டு மூன்று கிழமை வீட்டு வேலை பார்த்து, மாசி நடுப்பகுதியில்தான் பூவுக்குப் பறக்கும். கோயில் இலுப்பை பூக்கத் தொடங்குவதும், பனை பாளை விடுவதும், பின்னால் வேம்பு பூப்பதும் அந்தக் கணக்கை ஒட்டித்தான். சித்திரையில் எடுக்கிற தேன் தை மாதத்து முட்டையில் தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு முக்கியமான இடம். ராணி இருக்கிறது, மூடிய குஞ்சு இருக்கிறது, ஆனால் முட்டையும் இளம் புழுவும் இல்லை, தேனும் கரைந்துகொண்டு போகிறது. புதியவர்கள் இதைப் பார்த்து, குஞ்சு இருக்கிறதுதானே என்று மூடிவிடுவார்கள். இது ஓட்டத்துக்கான ஆயத்தம். நாட்டுத் தேனீ போக முடிவெடுத்தால் புதிதாகக் குஞ்சு வளர்ப்பதை நிறுத்தும், மூடிய குஞ்சு பொரித்து வரும் வரை காத்திருக்கும், இருக்கிற தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஒரு காலையில் மொத்தமாக எழும்பிவிடும். உங்களுக்குக் கிடைத்திருப்பது பத்து நாள் அவகாசம். அன்றைக்கே சீனிப்பாகு வையுங்கள். அடுத்த பெட்டி பலமாக இருந்தால் அதிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, தேனீக்களை உதறிவிட்டு இதற்குள் வையுங்கள். பசித்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அதற்கும் அவ்வளவு சுலபமாக மனம் வராது. ராணி நுழைய முடியாத தகட்டை வாசலில் போட்டு மறிப்பவர்களும் இருக்கிறார்கள். அது சில நாளைக்குத் தாங்கும், ஆனால் பசிக்கு மருந்து அது இல்லை.

தேன் எவ்வளவு இருக்க வேண்டும்? குஞ்சு இருக்கும் ஒவ்வொரு வதையின் மேற்பகுதியிலும் இரண்டு மூன்று விரல் அகலத்தில் தேன் வளைவு இருந்தால் பொறுக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் பாகு வையுங்கள். இந்த மாதத்துக்கு ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சீனியைக் கரைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். சீனியை அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, கருகினால் தேனீக்குக் கெடுதல். பனங்கட்டி, பழுப்புச் சர்க்கரை, கடையில் வாங்கிய தேன் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் வயிற்றோட்டம் கொடுக்கும், கடைத் தேன் வேறு கூட்டத்து நோயைக் கொண்டு வரும். ஒரு சிரட்டையில் 200 மில்லி லீற்றர் அளவு ஊற்றி, தேனீ விழுந்து சாகாமல் நாலைந்து வைக்கோல் துண்டு மிதக்கவிட்டு, மூடிக்குக் கீழே சட்டங்களின் மேல் வையுங்கள். இருட்டும் நேரம் வையுங்கள், விடிய முதல் வேலையாகச் சிரட்டையை எடுத்துவிடுங்கள். வெளியே ஒரு சொட்டும் சிந்த விடாதீர்கள். சிந்தினால் எறும்பும் வரும், அடுத்த கூட்டத்துக் களவுத் தேனீயும் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்து, வாசலில் மகரந்தமும் வதையில் புதுத் தேனின் மினுமினுப்பும் தெரிந்ததும் நிறுத்துங்கள். தேன் எடுப்பதற்காக மேலே வைக்கும் தேனறையைப் போட்ட பிறகு சீனிப்பாகு வைப்பது விற்பவனுக்கும் அழகில்லை, வாங்குபவனுக்கும் துரோகம்.

எறும்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் முசுறு தெரியும். பெட்டிக் காலை ரின்மீன் பேணிக்குள் நிறுத்தித் தண்ணீரும் கொஞ்சம் பழைய ஒயிலும் விடுங்கள். மழை முடிந்ததும் பேணி காய்ந்துவிடும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மாமரக் கொப்பு பெட்டி மூடியில் தொட்டால் பேணி இருந்தும் பிரயோசனமில்லை. தேனீ பிடிக்கிற பச்சைக் குருவி இந்த மாதங்களில் மின்கம்பியில் வரிசையாக இருக்கும். அது பிடித்துப் போவது கொஞ்சம்தான், விட்டுவிடுங்கள். குளவியைக் கவனியுங்கள். வாசலிலேயே பறந்து நின்று பிடிக்கும். வாசலை இரண்டு மூன்று தேனீ போகிற அளவுக்கு ஒடுக்கிவிட்டால் பலமான கூட்டம் தானே சமாளிக்கும். ஒரு குளவியை நூற்றுக்கணக்கில் மொய்த்துப் பந்தாகி, உடம்புச் சூட்டாலேயே கொன்றுவிடுகிற கெட்டிக்காரத்தனம் அதற்கு உண்டு.

கூட்டத்தைவிட வதை கூடியிருந்தால் குறையுங்கள். தேனீ மூடாத வெறும் வதைதான் அந்துப்பூச்சிக்கு வீடு. மூன்று சட்டத்தை நிறைக்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கும்போது ஏழு சட்டத்தை உள்ளே தொங்கவிடுவதில் என்ன லாபம்? கறுத்துக் கனத்த பழைய வதையை வெட்டி உருக்கி மெழுகாக்குங்கள். பூக்காலம் வந்ததும் நாட்டுத் தேனீ புது வதையைச் சில நாளிலேயே இழுத்துவிடும்.

நோய்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். மூடும் பருவத்துப் புழு கண்ணுக்குள் நிமிர்ந்து கிடந்து, தலை மேலே தூக்கி, ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை போல வரும். காய்ந்தால் சின்னத் தோணி மாதிரி வளைந்து கறுக்கும். தாய் சாக்புறூட் என்கிற வைரஸ் நோய் இது. 1976இல் தாய்லாந்தில் கண்டுபிடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் கேரளாவிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் நாட்டுத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை இது அழித்துவிட்டது. மருந்து இல்லை. அந்தப் பெட்டியில் இருந்து எந்தச் சட்டத்தையும் மற்றதற்கு மாற்றாதீர்கள், கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் அருகில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவவில் இருக்கிறது, அவர் மூலம் அங்கே கேட்கலாம்.

கோப்பாய் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். உங்களைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்கிற தோட்டங்கள். தை, மாசியில் மருந்தடிப்பு உச்சத்தில் இருக்கும். ஒரு காலையில் வாசலுக்குக் கீழே குவியலாக, நாக்கு வெளியே நீட்டியபடி தேனீக்கள் செத்துக் கிடந்தால் அது நோய் இல்லை, மருந்து. சண்டைக்குப் போகாதீர்கள். பக்கத்துத் தோட்டக்கார அண்ணையிடம் முன்கூட்டியே போய், பின்னேரம் ஐந்துக்குப் பிறகு அடிக்க முடியுமா என்று கேளுங்கள். பூசணி, பாகல், புடோல் காய்ப்பதற்குத் தேனீ வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். நான் அப்படிக் கேட்டு மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. சித்திரையில் ஒரு சின்னப் போத்தல் தேன் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அது முறை.

முதல் திறப்பு பெட்டிக்குப் பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. அடுத்தது எட்டுப் பத்து நாள் கழித்து. மாசி தொடங்கியதும் வேறொன்றைத் தேடுவீர்கள். மூடிய கண்களில் சில மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு, நடுவில் ஊசி குத்திய மாதிரி ஒரு துவாரத்தோடு இருக்கும். அது ஆண் தேனீயின் கண். மாமாவின் தேனீயில் காண முடியாத அடையாளம் இது, அவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், ஆச்சரியப்படுவார். ஆண் வந்தால் கொஞ்ச நாளில் வதையின் கீழ் விளிம்பில் ராணிக் கண்கள் தொங்கத் தொடங்கும், கூட்டம் பிரியப் போகிறது. அந்த நேரம் பெட்டியை இரண்டாக்கலாம். அதைப் பற்றிப் பிறகு கேளுங்கள்.

கடைசியாக அந்தச் சத்தமில்லாத பெட்டி. தட்டிப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், பிறகு திறவுங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும். வெறுமையாக இருந்தால் வதைகளை அன்றைக்கே வெளியே எடுங்கள், பூச்சி பிடித்ததை உருக்குங்கள், நல்லதாக ஒன்றிரண்டு இருந்தால் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, பெட்டியைக் காயவையுங்கள். மாசியில் அதே பெட்டி புதுக் கூட்டத்துக்கு உதவும். ஒரு கைப்பிடி தேனீயும் ராணியும் முட்டையும் இருந்தால் இரண்டு சட்டத்துக்கு ஒடுக்கி, வாசலைச் சுருக்கி, பாகு வைத்துக் காப்பாற்றலாம். தேனீ இருந்து, ஒரே கண்ணில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால், ராணி போய் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுகின்றன. நாட்டுத் தேனீயில் இது வெகு சீக்கிரம் வரும். அந்த முட்டையில் ஆண் மட்டும்தான் பிறக்கும், கூட்டம் தானாக முடிந்துபோகும். அதற்குப் புது ராணி கொடுத்துப் பார்ப்பதில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். நல்ல பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். பின்னேரம் நல்ல பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, மேலே ஒரு பத்திரிகைத் தாளை விரித்து, ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, அதன் மேல் ராணி இல்லாத கூட்டத்தின் அறையை வைத்து மூடுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கடித்துத் துளைத்து ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகுவதற்குள் சண்டை போடும் எண்ணம் போய்விடும். மூன்றாம் நாள் வாசலில் தாள் துகள்கள் விழுந்து கிடக்கும். அதைக் கண்டதும் திறந்து, தேனீ நிறைந்த சட்டங்களைக் கீழே இறக்கி, மேலறையை எடுத்துவிடுங்கள்.